இன்னும் ஓராள்

கதவு அப்படியே இருக்கட்டும், சாத்த வேண்டாம். விளக்கு உங்கள் இஷ்டம். ஆனால் அணைத்துவிட்டுப் பாதியில் போடச் சொல்லக் கூடாது.

நம் வாத்துவைத் தெரியுமல்லவா... நடையைப் பார்த்து நாம் வைத்த பெயர், இப்போது அவன் அலுவலகத்திலும் அதேதானாம். அவனுடைய கூடப்பிறந்த அக்காவுக்கு நடந்தது இது. வாத்து இதை ஒரே ஒரு தடவைதான் வாய்விட்டுச் சொன்னான். மறுபடி கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறான்.

மாலை ஆறரை மணி. ஏரிக்கரைச் சாலை. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் புதர். வீடு கிடையாது, கடை கிடையாது. விளக்குக் கம்பம் உண்டு, விளக்குத்தான் கிடையாது. காரை ஓட்டியது அத்தான். பக்கத்தில் அக்கா. அவள் மடியில் ஒரு தகர டப்பா. டப்பாவுக்குள் பழைய ஒலிநாடா ஒன்று. கெட்டுப்போகிற நாடாவிலிருந்து புளித்த காடி நாற்றம் வரும். அந்த நாற்றம் தாங்காமல்தான் கண்ணாடியை இறக்கினார்கள். இறக்காமல் இருந்திருந்தால்... சரி, அதை விடுங்கள்.

அக்காவுக்கு வானொலி நிலையத்தில் வேலை. அரசு வானொலி. ஞாயிற்றுக்கிழமை காலையில் பழம்பாட்டு நிகழ்ச்சி ஒன்று வரும், ஏழுமணிப் பாட்டு என்றால்தான் ஊருக்குத் தெரியும். மேடைப் பாட்டு இல்லை, சினிமாப் பாட்டு இல்லை. மாவு அரைக்கும்போது பாடுவது, கல் தூக்கும்போது பாடுவது, அழுகிற பிள்ளையைத் தூங்க வைக்கப் பாடுவது. யாரும் எழுதி வைக்காத பாட்டுகள். நாற்பது வருஷங்களுக்கு முன்னால் ஒரு பெரியவர் ஆரம்பித்தார். சூட்கேஸ் மாதிரி ஒரு பதிவுக் கருவி, அதைத் தூக்க இரண்டு ஆள், ஒரு வேன். எங்கே பாட்டு இருக்கிறது என்று கேள்விப்பட்டாலும் கிளம்பிவிடுவாராம். அவருக்குப் பிறகு ஓர் அறிவிப்பாளர் அம்மா நடத்தினார். அந்தக் குரலுக்காகவே வானொலி வாங்கியவர்கள் உண்டு. அவருக்குப் பிறகு வெங்கலத் தொண்டைக்காரர் ஒருவர். அவர் பேசினால் அடுத்த வீட்டு வானொலியும் நம் வீட்டில் கேட்கும். நடுவில் ஒரு நிலைய இயக்குநர் புத்தி கெட்டுப்போய் நிகழ்ச்சியைப் புதன்கிழமை மத்தியானத்துக்கு மாற்றினார். வந்த வசவுகளை எண்ணி மாளவில்லை. ஒரே மாதத்தில் ஞாயிற்றுக்கிழமைக்கே திரும்பிவிட்டது. நான்காவதாக வந்தவள் நம் அக்கா.

நாற்பதாம் ஆண்டு விழாவுக்கு நிகழ்ச்சியின் கதையையே ஒரு மணி நேர நேரடி ஒலிபரப்பாகச் செய்ய வேண்டும் என்று உத்தரவு. அதற்கு, நிகழ்ச்சி தொடங்கிய அன்று போட்ட முதல் பாட்டு வேண்டும். நிலையத்தில் தேடிப் பார்த்தாள், இல்லை. ஏரிக்கு அப்பால் பூட்டிக் கிடக்கிற பழைய ஒலிபரப்புக் கூடத்தில் இருக்கும் என்றார்கள். அத்தானுக்கு அன்று விடுமுறை. தனியாகப் போகாதே என்று கூட வந்தார். தேடி எடுத்துக்கொண்டு திரும்பி வரும்போதுதான் அந்த ஆறரை மணி.

முதலில் கேட்டது அத்தான்தான்.

தண்ணீர்ப் பக்கமிருந்து ஒரு பாட்டு. கனத்த பொருளை இழுப்பவர்கள் பாடுவது மாதிரி... ஒருவன் முன்னால் பாடுகிறான், கூட்டம் மூச்சை இறுக்கிப் பதில் சொல்கிறது.

"கனமோ கனம்..."

"வந்தோம்..."

"கரையோ தூரம்..."

"வந்தோம்..."

"இன்னும் ஓராள்..."

"வந்தோம்..."

அத்தான் காரை மெதுவாக்கினார். அவருக்கும் தாளத்துக்கும் ஏழாம் பொருத்தம். கைதட்டச் சொன்னால்கூட ஊர் தட்டி முடித்த பிறகு தட்டுவார். அதனாலேயே வீட்டில் எந்தப் பாட்டு கேட்டாலும் வேண்டுமென்றே கூடப் பாடி அக்காவின் காதைப் புண்ணாக்குவார். அன்றைக்கும் அப்படித்தான். "இன்னும் ஓராள்" என்று தண்ணீருக்கு மேலே குரல் எழும்பியதும், ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "வந்தோம்" என்று கத்தினார். வழக்கம்போல அரைத் தாளம் பிந்தி.

அக்கா சிரித்தாள்.

பாட்டு நின்றது.

தேய்ந்து நிற்கவில்லை. கத்தரித்த மாதிரி நின்றது. தவளைச் சத்தம்கூட இல்லை. கார் எஞ்சின் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. "பாவம், வேலை செய்யறவங்களைக் கேலி பண்ணிட்டீங்க" என்று அக்கா சொல்ல, அத்தான் காரைக் கிளப்பினார்.

வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவும்போதுதான் அவளுக்கு உறைத்தது. அது குடிநீர் ஏரி. சுற்றிலும் வேலி. அதில் படகு விட்டு எத்தனையோ வருஷம் ஆகிறது.

மறுநாள் நிலையத்தில் ஒலிப்பதிவாளர் நாடாவைக் கருவியில் மாட்டினார். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஹெட்போனைக் கழுத்திலிருந்து கழற்றாத மனிதர். நாடா சுற்ற ஆரம்பித்தது. ஸ்... என்ற இரைச்சல். பிறகு நிகழ்ச்சியை ஆரம்பித்த பெரியவரின் குரல், இளமையாக, நிதானமாக. இது படகைக் கரைக்கு இழுப்பவர்களின் பாட்டு, பாடுபவர் ஒருவர், பின்பாட்டு நால்வர், என்று அறிவித்தார்.

பாட்டு தொடங்கியது. கனமோ கனம்.

அக்காவுக்குச் சட்டென்று அடையாளம் தெரிந்தது. நேற்று சாலையில் கேட்டது இதேதான். ராகம் மட்டுமல்ல, முன்பாட்டுக்காரன் வரிக்கு வரி இழுக்கிற மூச்சும் அதேதான்.

ஒலிப்பதிவாளர் வேறு எதையோ கவனித்துக்கொண்டிருந்தார். நாடாவை நிறுத்தினார், பின்னால் ஓட்டினார், மறுபடி போட்டார். நால்வர் என்று சொல்கிறார், ஆனால் பின்பாட்டில் அதற்கு மேல் குரல் இருக்கிறதே என்றார். ஒலியைக் கூட்டினார். கூட்டத்துக்குள் ஒரு பெண் குரல்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தக் குரல் தெரியாதவர் யார்? அறிவிப்பாளர் அம்மா. இந்தப் பாட்டைப் பதிவு செய்த காலத்தில் அவர் பள்ளிக்கூடம் போகும் பெண்ணாக இருந்திருப்பார்.

மறுபடி கேட்டார்கள். அந்த அம்மாவுக்குப் பக்கத்தில், சற்றுமுன் பாட்டை அறிவித்த அதே பெரியவர். மைக்கைப் பிடித்துக்கொண்டு தள்ளி நின்றவர், கூட்டத்துக்கு நடுவில் மூச்சு வாங்கப் பாடுகிறார். அவருக்குப் பின்னால் வெங்கலத் தொண்டை. சந்தேகமே இல்லை.

ஒலிப்பதிவாளர் ஒலியைக் குறைத்தார். அவர்தான் மெல்ல மெல்ல ஞாபகப்படுத்திச் சொன்னார். நிகழ்ச்சிக்கு ஆண்டு விழா என்று வந்தால் முதலில் இந்தப் பாட்டைத்தான் போடுவார்களாம். ஒலிபரப்பும்போது நடத்துகிறவரும் மைக்கில் சேர்ந்து "வந்தோம்" என்று பாடுவது ஒரு வழக்கம். கேட்பவர்களுக்கு அது ரொம்பப் பிடிக்கும். பெரியவர் ஒரு விழாவில் சேர்ந்து பாடினார். அந்த அம்மா ஒரு விழாவில். வெங்கலத் தொண்டைக்காரர் ஒரு விழாவில்.

"மூணு பேருமே விழா நடந்த அந்த மாசம் தாண்டலை, மேடம். நெஞ்சுவலின்னுதான் சொன்னாங்க."

அவர் மறுபடி ஹெட்போனைக் காதில் அழுத்திக்கொண்டார். கண்ணை மூடினார்.

"இன்னும் ஒருத்தர் இருக்கார், கடைசில. இது யாருன்னு எனக்குப் பிடிபடலை. தாளமே தெரியாத ஆளு போல... எல்லாரும் முடிச்சப்புறம் தனியா வர்றார்."

அக்காவுக்குப் பிடிபட்டது. ஹெட்போனை வாங்கிக் கேட்க வேண்டிய அவசியம்கூட இல்லை. இருந்தாலும் வாங்கினாள். கேட்டாள். அரைத் தாளம் பிந்தி, சிரிப்பை அடக்கிக்கொண்டு... வந்தோம்.

அந்த நேரத்தில் அத்தான் ஏதோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். லிஃப்ட் மெக்கானிக். போன் செய்தாள். எடுத்தார். சத்தமாக இருக்கிறது, அப்புறம் பேசுகிறேன் என்றார். உயிரோடு இருக்கிற குரல். போனை வைத்துவிட்டு அவள் ஒலிப்பதிவாளரிடம் சொன்னாள்.

"இதை அழிச்சிடுங்க சார்."

முதல் நிகழ்ச்சியின் முதல் பாட்டு, இதை அழித்தால் இரண்டு பேருக்கும் வேலை போய்விடும் என்றார் அவர். நாடா கெட்டுப்போய்விட்டது என்று நான் எழுதித் தருகிறேன் என்றாள். அவள் முகத்தைப் பார்த்த பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை. நாடாக்களை மொத்தமாக அழிக்க ஒரு காந்தப் பெட்டி உண்டு. அதன் மேல் வைத்துச் சுற்றினார். ம்ம்ம் என்று பல் கூசுகிற மாதிரி ஒரு சத்தம். முடிந்தது. முடிந்ததா என்று பார்க்க ஒரு முறை ஓட்டினார்.

ஸ்... இரைச்சல் மட்டும். பெரியவரின் அறிவிப்பு போய்விட்டது. முன்பாட்டுக்காரன் குரல் போய்விட்டது. அக்கா மூச்சை விட்டாள். அப்போது...

வந்தோம்.

ஓர் இடைவெளி. முன்பாட்டு வர வேண்டிய இடத்தில் வெறும் இரைச்சல். பிறகு மறுபடி...

வந்தோம்.

முன்னே பாட ஆளில்லாமல் அவர்கள் பதில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஒலிப்பதிவாளர் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அன்றைக்குச் சாயங்காலம் நிலையத்தின் பின்பக்கம் நாடாவைக் கொளுத்தினார்கள். கறுப்புப் புகை. காடி நாற்றம் அக்காவின் தலைமுடியில் ஒட்டிக்கொண்டு மூன்று தடவை குளித்தும் போகவில்லை.

அத்தானுக்குத் தோள் வலி ஆரம்பித்தது அந்த வாரம்தான்.

சுளுக்கு என்றார். தைலம் தேய்த்துவிட்டாள். அடுத்து உள்ளங்கை. காலையில் எழுந்தால் இரண்டு உள்ளங்கையும் சிவந்து கிடக்கும், குறுக்கே கோடு கோடாக. நான் லிஃப்ட் வடம் பிடிக்கிற ஆள், கை காய்க்காமல் பூக்குமா என்று சிரித்தார். ஆனால் தோள் வலி வந்ததிலிருந்து அவர் வடத்தையே தொடவில்லை, மேற்பார்வை வேலைதான். டாக்டர் ஒவ்வாமை என்று ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார். கோடுகள் கொப்புளமாயின. ஒரு நாள் படுக்கை விரிப்பை உதறும்போது கால் பக்கம் ஈரம். விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தாள். ஏரிச் சேறு.

அன்றைக்கு எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிட்டாள். கேலி செய்வார் என்று நினைத்தாள். கேலி செய்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள். அவர் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தார்.

"கனவுன்னு நெனச்சேன்" என்றார். "ரொம்பக் கனம். நகரவே மாட்டேங்குது."

"படகுல என்னங்க இருக்கு?"

"தெரியலை. முதுகைக் காட்டிக்கிட்டுத்தான் இழுக்கறோம். யாரும் திரும்பிப் பாக்கறதில்லை."

விட்டுவிட்டு வந்துவிட வேண்டியதுதானே என்று அழுதாள். வந்துவிடலாம்தான், யாரும் அடிப்பதில்லை, திட்டுவதில்லை, ஆனால் ஒரு கை விட்டால் மற்றவர்கள் எல்லாரும் அப்படியே பின்னால் சரிகிறார்கள் என்றார். அவர் குரலில் பயமே இல்லை. அதுதான் அக்காவை உடைத்துப் போட்டது. கடன்பட்ட மாதிரி இல்லை, மிரட்டப்பட்ட மாதிரியும் இல்லை... கூட வேலை செய்கிறவர்களைப் பற்றிப் பேசுகிற மாதிரி பேசினார்.

என்னென்னவோ செய்து பார்த்தாள். ஊரைவிட்டுத் தள்ளி, வாத்து குடியிருந்த அடுக்குமாடி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கேயும் விரிப்பில் சேறு. தூங்க விடாமல் சீட்டாட்டம் ஆடினார்கள். வாத்து தனக்குத் தெரிந்த கடி ஜோக்குகளை எல்லாம் சொல்லித் தீர்த்தான். உட்கார்ந்தபடியே அவர் கண் சொருகும். தோள் இரண்டும் முன்னால் போகும், பின்னால் வரும். எழுப்பினால் உள்ளங்கையில் ரத்தம்.

ஆண்டு விழா ஞாயிறு வந்தது. போக மாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டிருந்தாள். அவளுக்குப் பதில் பேச இருந்தவருக்கு முதல் நாள் தொண்டை கட்டிக்கொண்டது. இயக்குநர் கெஞ்சினார். அத்தான்தான் போகச் சொன்னார். இரண்டு நாளாக நன்றாகத் தூங்கியிருந்தார், விரிப்பில் ஈரமில்லை. அந்தப் பாட்டைத்தான் கொளுத்தியாகிவிட்டது, வாத்து பக்கத்திலேயே இருக்கிறான், ஒரு மணி நேரம்தானே என்றார்.

"இங்க ரேடியோல உன் குரலைக் கேட்டுக்கிட்டு இருக்கேன். போயிட்டு வா."

ஏழு மணி. ஒலிபரப்பு அறையில் சிவப்பு விளக்கு எரிந்தது. அது எரிகிறவரை எழுந்து போக முடியாது, இருமக்கூட முடியாது, ஊரே கேட்டுக்கொண்டிருக்கும். அக்கா நிகழ்ச்சியின் கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். பெரியவரின் வேன், புதன்கிழமைக் கூத்து. ஒரு தாலாட்டைப் போட்டார்கள். தாலாட்டுக்கு அடியில், காதில் மாட்டிய ஹெட்போனில், ஏதோ கேட்டது.

வந்தோம்.

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் ஒலிப்பதிவாளரைப் பார்த்தாள். அவருக்குக் கேட்கவில்லை. கையால் என்ன என்று கேட்டார். தாலாட்டு முடிந்தது. அவள் பேச வேண்டும். பேசினாள். அவள் பேச்சுக்கு நடுவிலும் வந்தோம்... வந்தோம்... கிட்டே கிட்டே வந்தது. பெண் குரல், பெரியவர் குரல், வெங்கலத் தொண்டை. அவள் அந்தக் கடைசிக் குரலைத் தேடினாள். எல்லாரும் முடித்த பிறகு தனியாக வர வேண்டிய குரல். வரவில்லை. இல்லை என்று ஒரு நொடி மனசு துள்ளியது.

பிறகுதான் புரிந்தது. அவர் பாடிக்கொண்டுதான் இருந்தார். முதன்முறையாகத் தாளம் தப்பாமல். எல்லாரோடும் சேர்ந்து, ஒரே மூச்சில்.

கண்ணாடிக்கு அப்பால் போன் விளக்கு மின்னியது. ஒலிப்பதிவாளர் எடுத்தார். கேட்டார். மெல்ல அவள் பக்கம் திரும்பினார். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. "அடுத்ததாக, கல் சுமக்கும் பெண்கள் பாடும் பாட்டு" என்று அக்கா அறிவித்தாள். குரல் பிசிறவில்லையாம். கேட்ட எல்லாரும் சொன்னார்கள்.

அங்கே வீட்டில் நடந்ததை வாத்து பார்த்தான். நாற்காலியில் உட்கார்ந்து வானொலியைக் கேட்டுக்கொண்டிருந்தவர் இரண்டு கையையும் முன்னால் நீட்டி எதையோ இறுகப் பிடித்தார். வாத்து ஓடிப்போய் இடுப்பைக் கட்டிப் பிடித்தான். அவன் எப்படிப்பட்ட ஆள், மூட்டை தூக்கியே வளர்ந்தவன். அசைக்க முடியவில்லை. நாற்காலியோடு சேர்த்து இருவரையும் யாரோ ஒரு முழம் இழுத்தார்கள், தரையில் கோடு விழுந்தது. "விடுடா, அவங்களுக்கு ஆள் பத்தலை" என்றார். அவ்வளவுதான். மூச்சு நின்ற பிறகும் விரல்களைப் பிரிக்க முடியவில்லை. டாக்டர் நெஞ்சுவலி என்று எழுதினார்.

அக்கா வேலையை விட்டாள். தனியாக இருக்க விடாமல் வாத்து தன்னோடே வைத்துக்கொண்டான். சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவாள், தூங்கச் சொன்னால் தூங்குவாள். ஏழுமணிப் பாட்டு வேறு யாரையோ வைத்து நடக்கிறது, அந்த வீட்டில் வானொலி கிடையாது.

மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம். வாத்து வேலையிலிருந்து வந்து கதவைத் திறந்தான். சமையலறையில் அக்கா பாடிக்கொண்டிருந்தாள். அத்தான் போன பிறகு அவள் பாடி அவன் கேட்டதில்லை. மனசு தேறிவிட்டது என்று சந்தோஷப்பட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போனான்.

ஜன்னலைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். ஜன்னல் சாத்தியிருந்தது.

"கனமோ கனம்..."

நிறுத்தினாள். காத்திருந்தாள். யாரோ பதில் சொல்லி முடித்த மாதிரி தலையை ஆட்டினாள்.

"கரையோ தூரம்..."

மறுபடி காத்திருந்தாள். வாத்துவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. குழாயில் தண்ணீர் சொட்டுகிற சத்தம்கூட இல்லை. ஆனால் அவள் நிறுத்துகிற ஒவ்வொரு முறையும் ஜன்னல் கண்ணாடியில் ஆவி படிந்தது. மொத்தமாக அல்ல. வட்டம் வட்டமாக, வரிசையாக, வாய் உயரத்தில். அவள் பாடும்போது மறையும், நிறுத்தியதும் மறுபடி படியும்.

அடுப்பில் ஏதோ கொதிக்கிறது போல என்று நினைத்தானாம். அப்படித்தான் நினைக்கத் தோன்றியதாம். அக்காவை மெல்ல நகர்த்திவிட்டு, கைக்குட்டையை எடுத்து, அந்த வட்டங்களில் ஒன்றைத் துடைத்தான்.

போகவில்லை. இன்னும் அழுத்தித் துடைத்தான்.

போகவில்லை... அது வெளிப்பக்கம் படிந்திருந்தது. வாத்து குடியிருப்பது நான்காவது மாடி.